சார் வரட்டும், மேடம்!

கிரகப்பிரவேசத்துக்குப் போனால் நீங்கள் என்னென்ன பார்ப்பீர்கள்? வாசக்கால் தேக்கா, பூஜை ரூம் கதவில் மணி தொங்குகிறதா, டைல்ஸ் ரெண்டுக்கு ரெண்டா நாலுக்கு ரெண்டா, மாடுலர் கிச்சனில் இழுத்தால் எத்தனை டிராயர் வருகிறது... இப்படித்தானே?

என் கண் இப்போதெல்லாம் வேறு இடத்துக்குப் போகிறது. கேசரி சாப்பிட்டு, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, நைஸாக ஒரு ரவுண்டு சுவரைப் பார்த்துக்கொண்டே வருவேன். கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் வசமாக மாட்டிக்கொண்ட பிளக் பாயின்ட். ஃபிரிட்ஜுக்கு ஒரு மூலை, அதற்கான பிளக்குக்கு இன்னொரு மூலை. சாப்பாட்டு மேஜைக்கு நாலு அடி தள்ளி, யாருமே உட்காராத இடத்தில் ஜோராகச் சுற்றும் ஃபேன். அப்புறம், எல்லா வீட்டிலும் முதல் நாளே குடியேறிவிடும் அந்த வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அறுபது லட்சத்தில் வீடு கட்டி, கடைசியில் முந்நூறு ரூபாய்ப் பெட்டியில் மொத்தக் குடும்பமும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கட்டினவர் கஞ்சர் இல்லை. அந்த வீட்டு பாத்ரூமில் ஒரு குழாய் விலை சொன்னார்கள், எனக்கு மயக்கமே வந்தது. விஷயம் என்னவென்றால், எங்கே லைட், எங்கே பிளக் என்பதை யாரோ ஒருவர் அரை மணி நேரத்தில் கைகாட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த யாரோ, பெரும்பாலும் அந்த இடத்தில் நின்று வேலை செய்யப்போகிறவர் கிடையாது.

நாங்கள் தாம்பரத்துக்கு மேற்கே முக்கால் கிரவுண்டில் வீடு கட்டியது 2021-ல். செங்கல் வேலை முடிந்திருந்த ஒரு காலையில் எலெக்ட்ரீஷியன் வந்தார். நல்ல மனிதர், கை சுத்தம்.

"சார் இல்லீங்களா மேடம்?"

"ஆபீஸ் போயிருக்கார். என்ன விஷயம்?"

"கிச்சன் பாயின்ட் எல்லாம் மார்க் பண்ணணும். சார் வரட்டும், கேட்டுட்டுப் பண்ணிக்கலாம்."

என் வீட்டுக்காரருக்குக் கிச்சனோடு உள்ள உறவு, ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுக்கும் அளவுக்குத்தான். அவர் வந்திருந்தால் "எல்லா இடத்துலயும் ரெண்டு ரெண்டு போட்ருங்க" என்று சொல்லியிருப்பார். நான் சாக்பீஸை வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் பி.காம். எதைப் பார்த்தாலும் 'டியூ டேட் எப்போ?' என்றுதான் முதலில் தோன்றும். வீடு கட்டுவதில் கரன்ட்டுக்கும் காற்றுக்கும் மூன்று டியூ டேட் உண்டு. முதலாவது, ஜன்னல். அது பிளான் போடும்போதே தீர்மானமாகி, லின்டல் மட்டத்தோடு முடிந்துபோகிற சமாசாரம். ரெண்டாவது, கூரைக்குக் கான்க்ரீட் போடுகிற நாள். ஃபேன் மாட்டுகிற பாக்ஸும், சீலிங் லைட்டுக்கான பைப்பும் கம்பி கட்டி முடித்த கையோடு உட்கார்ந்தாக வேண்டும். மேலே ஜல்லி கொட்டியாகிவிட்டால் அப்புறம் ஃபேனை ஒரு அடி நகர்த்துவதுகூட பெரிய வைபவம். மூன்றாவது, பூச்சு வேலை. சுவரைக் கொத்திப் பைப் பதிப்பதெல்லாம் அதற்கு முன்னால். "எல்லாம் பெயின்ட் அடிக்கறப்போ பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயின்ட் அடிக்கும்போது பார்க்க முடிவது சுவிட்சின் நிறம் மட்டும்தான்.

அதனால், உங்கள் வீட்டில் சென்ட்ரிங் அடிக்கும்போதே கட்டில் எங்கே, சாப்பாட்டு மேஜை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பிளான் பேப்பரில் பென்சிலால் கட்டம் போட்டுப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் படுத்தே பாருங்கள். எங்கள் அத்தை (மாமியாரைச் சொல்கிறேன்) அப்படித்தான் பார்த்தார். "இங்க தல வச்சா ஜன்னல் வெளிச்சம் மூஞ்சில அடிக்கும்டீ" என்று எழுந்து, கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். இல்லாத கட்டிலை!

சரி, கிச்சனுக்கு வருகிறேன்.

காலை ஐந்தரை மணியிலிருந்து என் நாளை அந்த வெறும் சுவர்களுக்கு நடுவே நடந்து பார்த்தேன். பால் பாக்கெட், அடுப்பு, பக்கத்தில் கெட்டில். சட்னிக்கு மிக்ஸி. மிக்ஸிக்கு இடது பக்கம் தேங்காய் மூடி வைக்க இடம் வேண்டும், அதனால் பிளக் வலது பக்கம். இண்டக்‌ஷன் ஸ்டவ் அவசரத்துக்கு. கிரைண்டர் தரையில். தண்ணீர் ஃபில்டர் சிங்க்குக்கு மேலே. ஃபிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? மைக்ரோவேவ் எந்த உயரத்தில்? எலெக்ட்ரீஷியன் தம்பி முதலில் சிரித்தார். பத்து நிமிஷத்தில் அவரும் கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டார். "அக்கா, ஸ்டவ்வுக்கு நேர் மேல வேணாம். ஆவி அடிச்சு சுவிட்ச் பொசுக்குனு போயிரும்" என்று அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். சிங்க்குக்கும் பிளக்குக்கும் நடுவில் கை எட்டாத தூரம் வேண்டும் என்றார். ஈரக்கை!

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், வாய்ப்பாடு தெரிந்தால் போதும். வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்ப். அதாவது 1380 வாட்ஸ் வரை தாங்கும். உங்கள் கெட்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், நிறைய கெட்டில்களில் 1500 என்று போட்டிருக்கும். தாண்டிவிட்டது, இல்லையா? 2000 வாட்ஸ் இண்டக்‌ஷனும், 1500 வாட்ஸ் கெட்டிலும், 750 வாட்ஸ் மிக்ஸியும் காலை அவசரத்தில் ஒரே நேரத்தில் ஓடினால் 4250 வாட்ஸ். பதினெட்டரை ஆம்பியர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே 16 ஆம்ப் லைன் கொடுத்திருந்தால் அது ஓவர்டிராஃப்ட். பாங்க்கில் ஓவர்டிராஃப்ட் போனால் மேனேஜர் போன் செய்வார். சுவருக்குள் போனால் ஒயர் சூடாகும், யாரும் போன் செய்ய மாட்டார்கள். அதனால் கிச்சனுக்கு 16 ஆம்ப் பாயின்ட்டுகள் ஒன்றுக்கு மேல் வேண்டும். அவை டி.பி. பாக்ஸிலிருந்து ரெண்டு தனித்தனி லைனில் வர வேண்டும். ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் அவரவருக்குத் தனிக் கணக்கு, ஜாயின்ட் அக்கவுன்ட் கூடாது.

டி.பி. பாக்ஸ் என்றதும் ஒன்று. எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்றத்தான். உங்களையும் உங்கள் பிள்ளையையும் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொன்று. போகிற கரன்ட்டும் திரும்பி வருகிற கரன்ட்டும் டேலி ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு கணக்கில் உதைத்தால், 'நடுவில் யார் உடம்பு வழியாகவோ போகுது' என்று கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். ஆடிட்டர் வேலை! வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் போட்டதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதோடு எர்த். பிளக்கில் மூன்றாவது பின் மட்டும் நீளமாகவும் குண்டாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது முதலில் உள்ளே போய், கடைசியில் வெளியே வரவேண்டும் என்பதற்காக. அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சம் விஷயத்தில், நாம் சீலிங்கின் நடுவில் ஒரு லைட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். கிச்சன் மேடைக்கு முன்னால் நின்று காய் நறுக்கிப் பாருங்கள். லைட் முதுகுக்குப் பின்னால், நிழல் கத்தரிக்காய் மேல். பரணுக்கு அடியிலோ, மேல் அலமாரிக்கு அடியிலோ ஒரு சின்ன எல்.இ.டி. பட்டை போட்டால் தீர்ந்தது. அதற்கு ஒரு பாயின்ட், அதுவும் பூச்சுக்கு முன்னால். இன்னொன்று, ஃபேன் இறக்கைக்கு மேலே லைட் போடாதீர்கள். ராத்திரி முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி, பழைய சினிமாவில் ஃபிளாஷ்பேக் போகிற மாதிரி இருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் பதினாறு விளக்கு பதிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. விருந்தாளி வந்தால் பதினாறும் எரியும், போனதும் ஒரு டியூப்லைட்தான். நம் ஊர் வெயிலுக்குக் கூரை உயரத்தில் அரை அடியைக் கொடுத்துவிட்டு அந்த அழகு வேண்டுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது.

எங்கம்மா திருச்சியில் அண்ணன் வீட்டில் இருந்தார். அந்த ரூம், தொண்ணூறுகளில் வீடு கட்டும்போது பிள்ளைகள் படிப்பதற்காகப் போட்டது. சுவிட்ச் போர்டு கதவுக்குப் பக்கத்தில். அது வழக்கம்தானே, உள்ளே நுழைந்ததும் கைக்கு எட்டும். கட்டில் எதிர்ச் சுவரோரம், ஜன்னல் பக்கம். 2017 ஜனவரியில் ஒரு ராத்திரி, ரெண்டு மணி வாக்கில், பாத்ரூம் போக எழுந்தார். யாரையும் எழுப்ப வேண்டாம் என்று இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறார். பதினோரு அடி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

இடுப்பு எலும்பு. ஆபரேஷன் செய்த டாக்டர் வயசு கேட்டார், சுகர் கேட்டார். அடுத்த கேள்வி, "ரூம்ல சுவிட்ச் எங்கம்மா இருக்கு?" என்று. இந்த வயசில் விழுந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பாராம். வயசானவர்கள் கண்ணுக்கு, நமக்குப் போதும் என்கிற வெளிச்சம் போதாது, ரெண்டு மூன்று மடங்கு வேண்டும் என்றார். அம்மா அப்புறம் வாக்கர் இல்லாமல் நடக்கவே இல்லை. ரெண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அண்ணனும் அண்ணியும் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாராலும் பார்த்திருக்க முடியாது. அந்த ரூமில் அவர் படுப்பார் என்று, அது கட்டப்பட்ட காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. எந்த ரூமிலும் ஒருநாள் வயசானவர் படுப்பார். நாமே படுப்போம்.

டூ-வே சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. மாடிப்படியில் கீழே போட்டு மேலே அணைப்பீர்களே, அதேதான். கதவுப் பக்கம் ஒன்று, கட்டிலில் படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் ஒன்று. கூடுதலாகப் போவது கொஞ்சம் ஒயர், ஒரு சுவிட்ச். எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறையிலும் போட்டிருக்கிறேன். பாத்ரூமுக்குப் போகிற வழியில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு குட்டி விளக்கு. ராத்திரி முழுக்க எரியும். 1 வாட் விளக்கு ரெண்டு மாச பில்லில் ஒரு யூனிட்கூட வராது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

காற்றுக்கு வருவோம். நம் தாத்தாக்கள் காற்றுக்குத் திசைக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். தெற்கே இருந்து வந்தால் தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. பேர் வைக்கிற அளவுக்குப் பழகியிருந்தார்கள். நாம் பிளானில் 'டபிள்யூ' என்று ஒரே எழுத்தைப் போட்டுவிட்டு, அது எந்தக் காற்றுக்கு என்று கேட்பதே இல்லை.

சென்னையில் கோடை மத்தியானத்தில் நம்மைக் காப்பாற்றுவது கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று. அது வர லேட்டாகிற அன்றைக்குத்தான் ஊரே 'என்ன வெயில், என்ன வெயில்' என்று புலம்பும். வெயிலோ இன்னொரு கதை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை, உச்சி நேரத்தில் சூரியன் சென்னைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். கத்திரி வெயில் காலத்தில் தெற்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் உள்ளே வராது. மத்தியானத்துக்கு மேல் சுடுவது மேற்குச் சுவர். ஆக, தெற்கிலும் கிழக்கிலும் தாராளமாக ஜன்னல் வையுங்கள், மேற்கில் மாடிப்படி, பாத்ரூம், அலமாரி என்று ஏதாவது ஒன்றை வெயிலுக்குக் காவல் நிறுத்துங்கள். மனையின் முகம் எந்தப் பக்கமோ, எல்லோருக்கும் இது வாய்க்காது. எங்களுக்கே பாதிதான் வாய்த்தது.

அளவும் இருக்கிறது. நம் மாதிரிக் கடலோரப் புழுக்க ஊருக்கு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு ரூம் என்றால் 120 சதுர அடி, அப்போது ஜன்னல் 20 சதுர அடி. ஐந்துக்கு நாலு. 'அவ்வளவுதானே, வச்சிருக்கோமே' என்பீர்கள். இப்போது ஃபேஷனாக இருக்கிற சறுக்கு ஜன்னலை முழுசாகத் திறந்து பாருங்கள். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் ஒளியும், திறந்திருப்பது பாதிதான். இருபது பத்தாகிவிட்டது. அதில் கொசுவலை போட்டால் காற்று இன்னும் குறையும். பழைய மாதிரி வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல் பார்க்க அழகில்லாமல் இருக்கலாம், ஆனால் வாங்கின காற்றை முழுசாகக் கொடுக்கும். அப்புறம், ஒரே ஒரு ஜன்னல் எத்தனை பெரிதாக இருந்தாலும் பிரயோஜனம் குறைவு. வந்த காற்று வெளியே போக எதிர்ப் பக்கம் ஒரு வழி வேண்டும். ஜன்னலோ, கதவுக்கு மேல் ஒரு வென்டிலேட்டரோ. சூடான காற்று மேலேதான் ஏறும். அந்தக் காலத்தில் கூரைக்குக் கீழே ஒரு துவாரம் விட்டது சிட்டுக்குருவிக்காக மட்டும் இல்லை. ஏ.சி. வந்தது, அதை அடைத்துவிட்டோம்.

வாஸ்துப்படி கிச்சன் அக்னி மூலையில், தென்கிழக்கில். காலை வெயில் விழும், ஈரம் காயும், நல்லதுதான். ஆனால் சென்னையில் மத்தியானக் கடல்காற்றும் அதே மூலை வழியாகத்தான் வரும். தென்கிழக்கு ஜன்னலைப் பார்த்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால், அது வெளியே தள்ளுகிற தாளிப்பு வாசனையைக் காற்று திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து போடும். எங்கள் எதிர்வீட்டில் சாம்பார் என்றால் அவர்கள் படுக்கையறைத் தலையணைக்கும் தெரியும். மூலையை மாற்ற வேண்டாம், ஃபேனை எந்தச் சுவரில் என்று மட்டும் யோசியுங்கள். எக்ஸாஸ்ட் வெளியே தள்ளுகிற அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வரவும் வேண்டும். கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் சத்தம்தான் வரும்.

பாத்ரூமில் இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. சிலிண்டரில் ஓடும் கேஸ் கீஸரை அடைத்த பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். காற்றுப் போக்குவரத்து இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே கிடையாது, மயக்கம் வருவது தெரியாமலே வரும். குளிக்கப் போனவர் கதவைத் திறக்காமல் போன செய்திகளை என் ஆபீஸில் நானே எடிட் செய்திருக்கிறேன்.

எங்கள் ஏரியாவுக்கு 2015 டிசம்பரை மறக்க முடியாது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கீழ்த்தளம் முழுகியது. அதனால் கீழ்த்தளத்தில் பிளக் எல்லாம் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டன, பார்க்கக் கொஞ்சம் விகாரம்தான். டி.பி. பாக்ஸ் மாடிப்படித் திருப்பத்தில். கீழ்த்தளத்துக்குத் தனி லைன், தண்ணீர் வந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டு மேலே விளக்கோடு உட்காரலாம். இன்வெர்ட்டருக்கும் தனி ஒயர் இழுத்தாயிற்று. 2012-ல் சென்னைக்கு ரெண்டு மணி நேரமும் வெளியூர்களுக்குப் பாதி நாளும் கரன்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகமிருக்கிறவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் செலவு? எலெக்ட்ரீஷியன் கொடுத்த முதல் கணக்கைவிடப் பதினேழு பாயின்ட் அதிகமானது. கிச்சன் மேடை கிரானைட்டில் ஒரு ரகம் இறங்கினேன், சரியாகப் போயிற்று. அத்தைக்கு அந்தக் கறுப்பு கிரானைட் மேல் கண் இருந்தது. கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வேலை. பைப் பதித்து முடித்து, பூசுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். சும்மா இல்லை, டேப்பை லின்டலிலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்து, நம்பர் தெரிகிற மாதிரி. கொத்தனார் "எதுக்குக்கா, பூசினா ஒண்ணும் தெரியாதே?" என்று கேட்டார். அதற்குத்தான் என்றேன். ரெண்டு வருஷம் கழித்து ஏ.சி. மாட்ட வந்த பையன் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தச் செவுத்துல ஒயர் எங்கக்கா போகுது?" என்றான். போனில் போட்டோவைத் தேடிக் காட்டினேன். விரலால் பெரிசாக்கிப் பார்த்தான், டேப்பை எடுத்து மூலையிலிருந்து அளந்தான். பென்சிலால் போட்டிருந்த புள்ளியை அழித்துவிட்டு, ஒண்ணேகால் அடி தள்ளி ஓட்டை போட்டான்.